தண்ணி ஏறுது

ஹெட்செட்டைப் பிள்ளையின் காதில் மாட்டும் முன் ஒருமுறை உங்கள் காதில் மாட்டிக் கேட்டுவிடுங்கள். ஒரு பக்கம் வேலை செய்யாது, இல்லையென்றால் வீட்டில் யாராவது குத்துப்பாட்டை ஏற்றிவைத்திருப்பார்கள். இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்றை எழுதித் தரச் சொல்லிப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் கேட்டீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவளிடம் இப்படிக் கேட்டால் அவள் சுருக்கமாக முடிக்க மாட்டாள் என்று உங்களை யாரும் எச்சரிக்கவில்லை போலிருக்கிறது. மாட்டிக்கொண்டீர்கள், படியுங்கள்.

நான் செவிலியாக வேலைக்குச் சேர்ந்தவள். கடைசியில் பல ஆண்டுகள் குழந்தைகள் வலிப்புப் பிரிவில், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவரும் வேலை. மரக்காணத்தைச் சுற்றியிருக்கும் குப்பங்களும் உப்பளத்தை ஒட்டிய ஊர்களும் என் பங்கு. ஒரு ஸ்கூட்டி, ஒரு குடை, ஒரு பை. பைக்குள் நாலைந்து சின்ன பிளேயர்கள். மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு முழுதாக அடங்காத பிள்ளைகளுக்கு, தினமும் படுக்கும் முன் ஒரே இசையைக் கேட்கவைப்பது எங்கள் திட்டம். வார்த்தை இல்லாத பியானோ இசை. அந்தப் பக்கத்து ஜனங்கள் அதற்கு ‘டிங் டிங் பாட்டு’ என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் கடைசியில் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

அதனால் குணம் தெரிந்ததா என்று கேட்பீர்கள். சில பிள்ளைகளுக்குக் குறைந்தது, சில பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பத்தில் ஒரு பையனுக்கு நன்றாகவே குறைந்தது. விசாரித்தால், பாட்டு கேட்கவைப்பதற்காக அவன் அம்மா டிவியை அணைத்துவிட்டு அவனைச் சீக்கிரம் படுக்கப் போட்டிருக்கிறாள். வேலை செய்தது பாட்டா தூக்கமா என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. எங்கள் டாக்டரம்மா சிரித்துவிட்டு, “எதுவா இருந்தா என்ன, மாத்திரையை மட்டும் நிறுத்தவிடாதீங்க” என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அநேகமாக மாத்திரையைப் பற்றித்தான் இருக்கும்.

இனி நான் சொல்லவந்த விஷயம். அந்தப் பக்கத்தில் வலிப்பை அதன் பெயர் சொல்லி யாரும் சொல்வதில்லை. பிள்ளை காதுபடச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், வந்து நிற்கும் என்று பயம். ‘அது’ என்பார்கள். ‘வந்துச்சு’ என்பார்கள். நான் போன புதிதில் வாசலில் நின்று, “வலிப்பு வந்துச்சாம்மா?” என்று கேட்டு, ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு நானும் அவர்கள் பேச்சுக்கே மாறிவிட்டேன். வாராவாரம் போன் போட்டு, “வந்துச்சா?” என்று கேட்பேன். “வந்துச்சு” அல்லது “வரலை” என்று பதில் வரும். ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டோம் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தர்ஷினி அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அப்பா சென்னையில் கட்டட வேலை, எப்போதாவது வருவார். அம்மா விஜயா உப்பளத்தில் கூலி வேலை செய்பவள். வீட்டில் பொறுப்பான ஆண் என்றால் பெரியப்பா ஏழுமலைதான். அவர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக உப்புப் போடுபவர். தம்பி பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார். பெரிய வலிப்பு வந்தால் தர்ஷினி வெட்டி வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு விழுவாள். மாத்திரையில் ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை. பிளேயரைக் கொடுத்தோம்.

கொடுத்த கொஞ்ச நாளிலேயே “வரலை சிஸ்டர்” என்றாள் விஜயா. அடுத்த வாரமும் வரலை. அதற்கடுத்த மாதமும் வரலை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. போனில் பேசும்போது பின்னாலிருந்து யாரோ முனகுவது போல ஒரு ராகம் கேட்கும். நாலைந்து சுரம்தான். மேலிருந்து இறங்கும், இறங்கின இடத்தில் கொஞ்சம் நிற்கும், திரும்ப மேலே போய் இறங்கும்.

“யாரும்மா பாடுறது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பாப்பாதான் சிஸ்டர்.”

“டிங் டிங் பாட்டு மாதிரி இல்லையே.”

“இல்லீங்க. அது வேற” என்றாள் விஜயா. பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். பிள்ளை பாடுகிறது என்றால் நல்ல குறிதானே என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவள் தூங்கி வழிகிறாள் என்று புகார் வந்தது. மாத்திரையின் அசதிதான். டாக்டரம்மா யோசித்தார். வலிப்பு நின்று இத்தனை மாதமாகிவிட்டது என்றால் இரண்டு மாத்திரையில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஆனால் போனில் கேட்டதை வைத்து முடிவெடுக்க அவருக்கு மனமில்லை. “நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க சிஸ்டர். நீங்க சரின்னு சொன்னா குறைக்கிறேன்” என்றார். குறைத்த பிறகு பெரிதாக வந்தால் அந்தப் பிள்ளை தாங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு ‘சரி’யைத் தேடித்தான் நான் போனேன்.

போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கோடைக்காலம். உப்பளத்தில் விடியும் முன்னால் இறங்கி வெயில் ஏறும் முன்னால் வேலையை முடித்துவிடுவார்கள். மத்தியானத்தில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. எங்கு பார்த்தாலும் வெள்ளை. கீழே இருந்து வரும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். தூரத்தில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வெயிலில் அசைவது போலத் தெரியும். நான் அந்த வழியில் எத்தனையோ முறை வண்டி ஓட்டியிருக்கிறேன், மத்தியானத்தில் மட்டும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போவேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “எல்லாரும் கொட்டாயில இருக்காங்க. சாமிகிட்ட” என்றாள்.

“கோயிலுக்கா?”

“கோயில் இல்ல சிஸ்டர். ஏழுமலை கொட்டாய். நேரா வரப்பு மேலயே போங்க.”

போனேன். ஏழுமலையின் கொட்டாய் உப்பளத்து நடுவில், சாமான் வைக்கப் போட்ட ஓலைக் கொட்டகை. அதற்கு முன்னால் ஜனம் உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக இருபது பேருக்கு மேல் இருக்கும். ஒருவர்கூடப் பேசவில்லை. கைக்குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில். நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் தர்ஷினி. தலைக்குக் குளித்து, மஞ்சள் பாவாடை கட்டி, காதில் எங்கள் ஹெட்செட். ஏழுமலை பிளேயரை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஒரு கிழவர் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். “நீங்களும் கேக்க வந்தீங்களா சிஸ்டர்?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“என்ன கேக்க?”

“குறி.”

விஜயா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கையில் கற்பூரத் தட்டு. பயப்படவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. கொஞ்சம் கூச்சப்பட்டாள், அவ்வளவுதான்.

“வரலைன்னு சொன்னியேம்மா” என்றேன்.

“அது வரலை சிஸ்டர். சத்தியமா வரலை. இது ஆத்தா வர்றாங்க.”

“எப்பருந்து?”

“நீங்க பாட்டுப் பொட்டி குடுத்த அப்புறம்தான். அதைக் கேட்டுட்டே இருந்தா, திடீர்னு ‘பாட்டு வருது’ன்னுவா. நம்ம பாட்டு இல்ல, அவளுக்கு மட்டும் கேக்கிற பாட்டு. அப்புறம் வாக்கு வரும். முன்னாடி ஒருதரம் வாக்கு சொன்னப்ப பெரியப்பா நம்பி, பாத்தி உப்பையெல்லாம் வாரி மேட்டுல ஏத்திட்டாரு. மறுநாள் எப்பவும் பெய்யாத மழை பெஞ்சு ஊர் உப்பே கரைஞ்சுபோச்சு. அவருது மட்டும்தான் நின்னுச்சு.”

ஏழுமலை மோசடிக்காரர் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். யாரிடமும் அவர் காலணா வாங்கவில்லை. எலுமிச்சம்பழத்தைக்கூட வந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம்தான் பேசுவது கஷ்டம். பித்தலாட்டக்காரனை மிரட்டலாம். பிள்ளையைக் கும்பிட்டு நிற்கிற பெரியப்பாவை என்ன சொல்லி மிரட்டுவது?

“காலையில மாத்திரை குடுத்தியா?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை வெரதம் சிஸ்டர். விடிகாலையில எழுப்பித் தலைக்கு ஊத்திடுவோம். வெறும் வயித்துல மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வாக்கு முடிஞ்சு சாப்ட்ட அப்புறம்தான் குடுப்பேன்.”

நான் சொன்னதுதான். சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறாள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, காலை மாத்திரை இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஆத்தா வராமல் என்ன செய்வாள்?

அதற்குள் பிளேயரில் இசை முடிந்துவிட்டது. ஏழுமலை ஹெட்செட்டைக் கழற்றிச் சுருட்டித் தன் மடியில் செருகிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இன்ஜினும் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காற்று இல்லை. ஒரு பறவை இல்லை. அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“பாட்டு வருது” என்றாள் தர்ஷினி.

சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் வருது என்று சொல்வது போல. பிறகு முனக ஆரம்பித்தாள். போனில் நான் கேட்ட அதே ராகம். இறங்கி, நின்று, மறுபடி மேலே போய் இறங்கியது. அவள் ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து, யாரோ சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிப் பாடுகிறவள் போலப் பாடினாள். இடையிடையே நிறுத்திக் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் எல்லோரும் அவள் பார்த்த பக்கமே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெறும் பாத்திதான்.

“தண்ணி ஏறுது” என்றாள்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான், எப்போது திரும்புவான் என்று கேட்டாள். “தண்ணி ஏறுது” என்றாள் தர்ஷினி. அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொருவர் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். “தண்ணி ஏறுது.” அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுக்கு வேறு வாக்கே கிடையாது. அது ஒன்றுதான். ஆனால் கேட்ட ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது.

பிறகு அவள் குரல் நின்றுபோனது. உதடு மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தது. வலது கை பாவாடை ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து விட்டது. “பூப் பறிக்கிறாங்க” என்று கிழவர் என் காதில் சொன்னார். எனக்கு அது என்ன என்று தெரியும். வலிப்பில் இது ஒரு வகை, விழாமல் வெட்டாமல் வரும், உங்கள் பாடத்திலும் இருக்கிறது. தெரிந்தும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. வெட்டவெளியில், அத்தனை பேர் கைகூப்பி நிற்கையில், ஒரு சின்னப் பிள்ளை எதையும் பார்க்காத கண்ணால் உங்களைப் பார்த்தால் உங்களுக்கும் சிலிர்க்கும்.

அவள் எழுந்தாள். கொட்டாயைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. பின்னாலேயே எல்லோரும் கைகூப்பி நடந்தார்கள். யாரும் அவளைத் தொடவில்லை. ஆத்தா இறங்கியிருக்கும்போது தொடுவார்களா?

“எங்க போறா?” என்றேன்.

“மடைகிட்ட போய் நிப்பாங்க. அங்கதான் மலையேறுவாங்க” என்றார் ஏழுமலை. சாமி உடம்பை விட்டுப் போவதை அங்கே ‘மலையேறுவது’ என்பார்கள்.

“மடையில தண்ணி இருக்குதா?”

“காலையிலதான் தொறந்தோம்.” அவர் குரலில் லேசாக ஒரு தயக்கம். “நிப்பாங்க சிஸ்டர். எப்பவும் நிப்பாங்க.”

கழுவெளி ஏரியிலிருந்து உப்புத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் அது. கோடைக்கு முன்னால்தான் தூர் வாரி ஆழப்படுத்தியிருந்தார்கள். மடைமேல் நடக்கப் போட்டிருக்கும் பலகை, மடை திறந்த நாளில் இருக்காது. அவள் நடையில் நிற்கப்போகிற அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? பின்னாலிருந்து ஓடிக் கட்டிப் பிடித்தால், இந்த நிலையில் இருக்கிற பிள்ளை திமிறும், வரப்பு ஒரு ஆள் அகலம்தான், இரண்டு பேரும் விழுவோம். பிடிக்கும் முன்னால் கூட்டம் என்னைப் பிடித்துவிடும். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. பேசாமல் பின்னால் நடந்தால் ‘எப்பவும் நிப்பாங்க’ என்பதை நம்பி நடக்க வேண்டும். விளக்கம் சொல்ல நேரம் இல்லை. விளக்கம் சொல்லித்தான் தீரவேண்டும் என்று நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, அதை அந்த மாதிரி நேரத்தில் விட்டுவிடுங்கள்.

நான் பாத்திக்குள் இறங்கி ஓடினேன். செருப்போடு. விளைந்த உப்பில் செருப்புக் காலோடு இறங்குவது அங்கே யாரும் செய்யாத காரியம். பின்னால் ஏழுமலை “சிஸ்டர்” என்று கத்தியது கேட்டது. உப்பு காலடியில் நொறுங்கியது, தண்ணீர் கெண்டைக்காலில் தீயாக எரிந்தது. குறுக்கே ஓடி அவளுக்கு முன்னால் மடையருகே ஏறிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் போகும் சத்தம். முன்னால் அவள், கண் இமைக்காமல் வந்துகொண்டிருந்தாள். என் முகம் அவளுக்கு முகமாகவே தெரியவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

நான் அவளைப் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, தோளில் உள்ளங்கையை வைத்து, தூக்கக் கலக்கத்தில் நடக்கிற பிள்ளையைப் பாய்க்குத் திருப்புவது போல மெல்லத் திருப்பினேன். அவள் திரும்பினாள். குறுக்கு வரப்பில் சில அடி நடந்தாள். அங்கே உடம்பு விறைத்தது. விழுவதற்குள் தாங்கி உப்புக் குவியல்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

எல்லோரும் பார்த்தார்கள். பல மாதமாக வராமல் இருந்த ‘அது’ எல்லார் கண்ணெதிரேயும் வந்துவிட்டது.

பையில் இருந்த மூக்கில் அடிக்கும் மருந்தை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அடங்கியது. அப்போதுதான் ஏழுமலை பேசினார்.

“தொட்டுட்டீங்க. ஆத்தாளைத் தொட்டுட்டீங்க. அதான் புள்ளைய அடிச்சுட்டா.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். தெய்வமும் வியாதியும் ஒரே உடம்பில் இடைவெளி இல்லாமல் வந்ததைப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று புரிந்துவிடும் என நினைத்தேன். அவர்களுக்கு அது என் கைபட்ட தோஷமாகப் பட்டது. விஜயா பிள்ளை தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதில்தான் அந்தப் பிள்ளையின் அடுத்த மாதமும் அடுத்த வருடமும் இருந்தது. எனக்கு நன்றாகப் பயமாக இருந்தது.

நான் வாதாடவில்லை. குடையை விரித்துப் பிள்ளைக்கு நிழல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டமும் கலையவில்லை. வெகுநேரம் கழித்து தர்ஷினி கண் விழித்தாள். தண்ணீர் குடித்தாள். எப்படி அங்கே வந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்னிடம் ‘வந்துச்சா’ என்ற ஒரு கேள்விதான் அத்தனை நாளும் இருந்தது. அன்றைக்கு அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். யோசித்துக் கேட்டதில்லை, வாயில் வந்தது.

“கண்ணு, தண்ணி எங்க ஏறுது?”

அவள் கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்தாள். அங்கிருந்து மெதுவாக மேலே கொண்டுவந்து தொண்டைக்குழியில் நிறுத்தினாள்.

“இங்கேருந்து இங்க. பாத்தியில தண்ணி ஏத்துற மாதிரி, சில்லுனு ஏறும். முதல்ல பாட்டு கேக்கும். அப்புறம் தண்ணி ஏறும். கழுத்துக்கு வந்துட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

விஜயா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லலை?” என்றாள்.

“சொன்னேனேம்மா” என்றாள் தர்ஷினி. “எல்லார்கிட்டயும் சொன்னேனே. ஒவ்வொரு வாட்டியும் சொன்னேனே.”

வலிப்பு வருவதற்கு முன்னால் வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போல இருக்கும் என்று நம் பாடத்தில் இருக்கிறது. அதை உப்பளத்துப் பிள்ளை வேறு எந்த வார்த்தையில் சொல்லும்? முழுகப்போகிறேன் என்று அவள் வாராவாரம் சொல்லியிருக்கிறாள். ஜனம் எலுமிச்சம்பழத்தோடு கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. விஜயாவின் எதிரே அழக் கூடாது என்று குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

கூட்டம் ஒவ்வொருவராக எழுந்துபோனது. எலுமிச்சம்பழங்கள் வரப்பில் கிடந்தன. ஏழுமலை கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நான் மிதித்துப் பாழாக்கின பாத்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியிலிருந்த ஹெட்செட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அப்ப அந்த மழை சிஸ்டர்?” என்று கேட்டார். “மழை பெஞ்சுதே.”

“பெஞ்சுதுங்க” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசியிருந்தால் அன்றைக்கு அவரை இழந்திருப்பேன்.

டாக்டரம்மாவிடம் நான் சரி சொல்லவில்லை. மாத்திரையைக் குறைக்கவில்லை, ஒன்றை மாற்றி அளவைக் கூட்டினார். பிளேயர் போட்டுவிட்டும் போடாமலும் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். டிங் டிங் பாட்டு அவளுக்கு நல்லதும் செய்யவில்லை, கெடுதலும் செய்யவில்லை. அவளுக்குக் கேட்டது வேறு பாட்டு. மூளையில் பொறி தட்டும் இடத்தில் பிறந்து அங்கேயே முடிகிற பாட்டு என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு அந்த விளக்கம் போதும். பகலில் போதும்.

வெள்ளிக்கிழமை விரதத்தை விஜயா தானே எடுத்துக்கொண்டாள். பிள்ளைக்கு இட்லியும் மாத்திரையும். ஏழுமலை மடைக்கு நிரந்தரமாக ஒரு தடுப்புப் போட்டார். மெல்ல மெல்லப் பாட்டு வருவது நின்றது, தண்ணீர் ஏறுவதும் நின்றது. நின்ற பிறகு தர்ஷினி ஒருநாள் என்னிடம் பிளேயரில் வேறு பாட்டு ஏற்றித் தரச் சொன்னாள். என்ன பாட்டு என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ராகம் எங்காவது இருக்குமா என்று தேடினாளாம். முனகிக் காட்டு என்றேன். வாயைத் திறந்தாள், மூடினாள். மறந்துபோச்சு என்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்த துக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன், குணமானதில் ஒரு பங்கு அதுவும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். வேலை ஒன்றுமில்லை, பார்த்துவிட்டு வரத்தான். தர்ஷினி வளர்ந்துவிட்டாள். வாசலில் நாற்காலி போட்டு, கொய்யாப்பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தாள். பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

“பாட்டு வருது” என்றாள்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. அவள் உதட்டைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. கை கத்தியைத் தட்டில் வைத்தது. அவள் கண் தெளிவாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு இல்ல சிஸ்டர்” என்றாள். “நீங்கதான் பாடிட்டு இருக்கீங்க. வண்டியை நிறுத்தினதுல இருந்து.”

நான் பாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மேலிருந்து இறங்கி நிற்கிற அந்த நாலைந்து சுரம். போனில் அத்தனை முறை கேட்டதில் ஒட்டியிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். எத்தனை நாளாகப் பாடிக்கொண்டிருக்கிறேனோ. என் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

தர்ஷினி நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். ‘வந்துச்சா’ என்று கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், வயித்துலேருந்து ஏதாவது ஏறுதா?” என்று கேட்டாள். “சில்லுனு?”

நான் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். அவள் அதை உடனே நம்பவில்லை. கையை விடாமல், என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.